ரொட்டி சுடாத அடுப்பு

அத்தியாயம் 7

கொடைவள்ளல் மூன்றாவது முறையாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைக்குட்டை நனையவே இல்லை.

எதிரே உட்கார்ந்திருந்த அபராதம் அதைக் கவனித்தாள். இருபத்தாறு வருடம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவள் அவள். டிக்கெட் இல்லாதவன் எத்தனை விதமாக அழுவான் என்பது அத்துப்படி. கைக்குழந்தையைக் கிள்ளி அழவைத்தவர்களிடம்கூடத் தண்டம் வசூலித்திருக்கிறாள். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர்தான் அபராதம். ஓய்வு பெற்றுத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது பெயர்ப்பலகையிலும் அதையே எழுதிவிட்டாள்.

கொடைவள்ளல் என்பது மெத்தைக் கடை முதலாளி தனக்குத் தானே கொடுத்துக்கொண்ட பட்டம். கடை வாசலில் ஆளுயரத்துக்கு அதை அச்சடித்துக் கட்டியிருந்தார். அந்தத் துணியில் அவர் முகம் பெரிதாகவும், பூகம்பத்தில் இடிந்த வீடுகள் அவர் காதுக்குப் பின்னால் சின்னதாகவும் இருந்தன.

விஷயம் இதுதான். மலைநாட்டில் பூகம்பம் வந்து பதினோரு நாளாகிறது. பிழைத்தவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் பனியில் நடுங்கிக் கிடக்கிறார்கள். இந்த ஊரில் இருக்கும் பௌத்தத் தொண்டு இல்லத்தார் தெருத் தெருவாக உண்டியல் ஏந்தி, வீடு வீடாகப் போர்வை வாங்கிக் கிடங்கில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். இன்று மாலை நான்கு மணிக்கு லாரி கிளம்ப வேண்டும். முந்தாநாள் நம் வள்ளல் இருபது பெட்டியில் இருநூறு கம்பளிப் போர்வை கொடுத்தார், படமும் எடுத்துக்கொண்டார். பெட்டிகளை லாரியில் ஏற்றுவதுபோல இன்னொரு படம் வேண்டுமென்று இன்று காலை பத்திரிகைப் படக்காரரோடு போனால், இருபது பெட்டியும் காணோம். பூட்டு உடையவில்லை. மற்ற பெட்டிகளை யாரும் தொடவில்லை.

"கிடங்குச் சாவி ஒரே ஆள்கிட்டதான் இருக்கு. தெருமுனைல சாவி செஞ்சு கொடுக்கிறவன், அவனும் அந்த இல்லத்துத் தொண்டன்தான். இதுக்கு மேல என்ன துப்பு வேணும்?" என்றார் வள்ளல். "மூணு மணிக்குள்ள திருடன் யாருன்னு நீங்க எழுதிக் கொடுத்துடணும். அத வச்சு நான் போலீஸ்ல புகார் கொடுப்பேன். கிடங்குக்கு சீல் வைக்கட்டும்."

கிடங்குக்குச் சீல் வைத்தால் அதில் இருக்கும் மற்ற ஆயிரத்து நானூறு போர்வையும் உள்ளேயே மாட்டிக்கொள்ளுமே என்று அபராதம் கேட்டாள். நியாயம் என்று ஒன்று இருக்கிறதே என்று வள்ளல் நெஞ்சைத் தொட்டுக்கொண்டார். தொட்ட கையை எடுக்காமல் படக்காரர் எங்கே என்று திரும்பிப் பார்த்தார்.

முன்பணத்தை வாங்கிக்கொண்டு வெளியே வந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. இரண்டு நாளாக இதே மழைதான்.

"அத்தை, அந்தக் கைக்குட்டைல மடிப்புகூடக் கலையல. துவைக்க வேண்டாம், அப்படியே அலமாரில வச்சுடலாம்" என்றான் உதவியாளன்.

உதவியாளன் வேறு யாருமல்ல, அவளுடைய ஒரே மகளைக் கட்டிய மாப்பிள்ளை. ஃபோன் உறை விற்கும் கடை வைத்து, கடையை ஃபோன் உறை விலைக்கு விற்றவன். மூன்று வருடமாக அவள் வீட்டில்தான் வாசம். மாப்பிள்ளை என்ற மரியாதைக்குக் குறைவில்லை. வாங்க, போங்க என்றுதான் பேசுவாள். ஆனால் வாசல் கதவுச் சாவியை மட்டும் கொடுத்ததில்லை. அவன் இன்றைக்கும் அழைப்பு மணியை அடித்துவிட்டு மழையில் நின்றுதான் உள்ளே வர வேண்டும்.

"கைக்குட்டைய விடுங்க மாப்ளே. ரயில்ல பெட்டி தொலைஞ்சவன் முதல்ல என்ன கேப்பான் தெரியுமா? என் பெட்டி எங்கன்னுதான் கேப்பான். திருடனப் பத்திய பேச்செல்லாம் அப்புறம்தான். இந்த ஆள் அரைமணி நேரமாப் பேசினார். போர்வைய மீட்டுக் கொடுங்கன்னு ஒரு வார்த்தை வந்துச்சா?"

மாப்பிள்ளை யோசித்துப் பார்த்தான். வரவில்லை.

தொண்டு இல்லத்துக்குத் திரும்பும் தெருமுனையில் சாம்பல் நிறச் சட்டை போட்ட நாலைந்து பேர் உண்டியலோடு நின்றுகொண்டிருந்தார்கள். குடை பிடித்தால் இரண்டு கையாலும் உண்டியலை ஏந்த முடியாது என்று நனைந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை பையைத் துழாவி, இருப்பதிலேயே சின்னக் காசாக ஒன்றைப் போட்டான். உண்டியல் வைத்திருந்த அம்மாள் இடுப்பு வளையக் குனிந்து நன்றி சொன்னாள். வேடிக்கையாக இருக்கிறதே என்று இன்னொரு காசு போட்டான். அதே குனிவு, அதே நன்றி. மூன்றாவது காசுக்கும் அவள் அப்படியே குனிந்தபோது அவனுக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அபராதத்துக்கோ எரிச்சல் வந்தது. இவ்வளவு பணிவு காட்டுகிறவர்களை அவள் ரயிலில் நிறையப் பார்த்திருக்கிறாள். பாதிப் பேர் கழிப்பறைக்குள் ஒளிந்துகொள்ளப் போகிறவர்கள்.

குனிந்த அம்மாளின் விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கியிருந்தது. மழைதான் காரணம் என்று அபராதம் அப்போதைக்கு விட்டுவிட்டாள்.

தொண்டு இல்லத்தின் பொறுப்பு ஒரு பிக்குணியிடம் இருந்தது. சின்ன உருவம், மழித்த தலை, கெட்டியான கண்ணாடி. சாவிக்காரரிடம் வாங்கி வைத்திருந்த சாவியால் கிடங்கைத் திறந்து காட்டினார். பெட்டிகள் வரிசையாக அடுக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் சீட்டு ஒட்டியிருந்தது. வந்த போர்வைகளை அப்படியே அனுப்புவதில்லையாம். ஒவ்வொன்றாகப் பிரித்து, உதறி, முகர்ந்து பார்த்து, யாராவது ஒருவர் அதைப் போர்த்திக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பாராம். நாம் போர்த்திக்கொள்ளாததை அடுத்தவருக்கு அனுப்பக் கூடாது என்பது அவர்கள் வழக்கம்.

"அப்போ யாராவது பேதி மாத்திரை கொடுத்தா?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

அதை டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று பிக்குணி சிரிக்காமல் பதில் சொன்னார். மாப்பிள்ளைக்கு அன்றைக்கு இரண்டாவது தோல்வி.

சுவரில் இரண்டு வரி எழுதியிருந்தது. கொடுத்தவரிடம் குறை காணாதே. பெற்றுக்கொண்டவருக்கு நன்றி சொல். அபராதம் அதைப் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். சுவரில் எழுதி வைப்பது எல்லாருக்கும் சுலபம்.

பிறகு அவள் தரையைப் பார்த்தாள். காணாமல் போன பெட்டிகள் இருந்த இடத்தில் சிமெண்டுத் தரையில் சதுரம் சதுரமாக ஈரம் படிந்திருந்தது. மற்ற பெட்டிகளில் ஒன்றை நகர்த்தச் சொன்னாள். அடியில் தரை சுத்தமாகக் காய்ந்து கிடந்தது. கூரை எங்கும் ஒழுகவில்லை. ஈரத்தைத் தொட்டு மாப்பிள்ளையின் மூக்குக்கு நீட்டினாள்.

"நம்ம வீட்டு மாடிப்படிக்குக் கீழ இருக்கிற அறை வாசனை அத்தை. நீங்க என் கடைச் சரக்க வச்சிருந்தீங்களே, அங்க" என்றான் அவன்.

சாவிக்காரரைக் கூப்பிட்டார்கள். நாற்பது வயதிருக்கும். வேலைக்கு உட்கார்ந்திருந்த பெட்டிக்கடையைப் பாதியில் விட்டு, அரத்தூள் படிந்த கையோடு வந்து நின்றார். காலையிலிருந்து ஊரெல்லாம் பேச்சு பரவிவிட்டதாம். அவர் வந்து நின்ற மறு நிமிடமே பின்னாலேயே ஒரு பெண்மணி வந்துவிட்டாள். நகல் எடுக்கக் கொடுத்த வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுங்கள், வேலை முடியாவிட்டாலும் பரவாயில்லை, இப்போதே வேண்டும் என்றாள். சாவிக்காரர் அதை இரண்டு கையாலும் நீட்டி, குனிந்து, நன்றி என்றார். அவள் வாங்கிக்கொண்ட வேகத்தைப் பார்த்தால் சாவி சுடுகிறதோ என்று தோன்றியது. அவள் போன பிறகும் அவர் கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

காலையிலிருந்து இது ஐந்தாவது ஆள் என்று பிக்குணி மெதுவாகச் சொன்னார். சாவி செய்கிறவனுக்குத் திருடன் என்று பெயர் வந்துவிட்டால் அப்புறம் அவன் அரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? மூன்று மணிக்கு அபராதம் பெயர் எழுதிக் கொடுத்தால் இந்த மனிதருக்கு இந்த ஊரில் பிழைப்பு இல்லை. அவளுக்கு அது நன்றாகத் தெரிந்தது.

"நீங்க திருடினீங்களா?" என்று நேராகவே கேட்டாள்.

"எங்களுக்குக் கொடுக்காத எதையும் நாங்க எடுக்கலம்மா."

"பெட்டி எங்க இருக்குன்னு தெரியுமா?"

சாவிக்காரர் பிக்குணியைப் பார்த்தார். பிக்குணி தரையைப் பார்த்தார். அபராதம் என்னென்னவோ கேட்டுப் பார்த்தாள், மிரட்டினாள், மூன்று மணி கணக்கைச் சொன்னாள். நான்கு மணிக்குள் எல்லாம் சரியாகிவிடும் என்பதைத் தவிர ஒன்றும் பெயரவில்லை. ஆனால் சாவிக்காரரின் விரல் நுனியும் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அவர் மழையில் நிற்பவர் அல்ல, கூரைக்குக் கீழே உட்கார்ந்து வேலை செய்பவர். கண்ணாடியைத் துடைத்த பிக்குணியின் விரலும் அப்படித்தான் இருந்தது.

வெளியே வந்ததும் அபராதம் பொரிந்து தள்ளினாள். டிக்கெட் இல்லாதவன் நிறையப் பேசுவான், அவனைச் சமாளித்துவிடலாம். டிக்கெட்டைப் பையில் வைத்துக்கொண்டு காட்ட மாட்டேன் என்று உட்கார்ந்திருப்பவனை என்ன செய்வது என்றாள். மணி ஒன்றரை ஆகியிருந்தது.

மாப்பிள்ளைக்குப் பசி. எதிர்ச் சாரியில் ஒரு பேக்கரி இருந்தது. ஆசையாகத் தெருவைக் கடந்து போனவன் போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"இன்று ரொட்டி இல்லைன்னு அட்டை தொங்குது அத்தை. பொய் சொல்றானுங்க. புகைபோக்கிலேருந்து புகை குபுகுபுன்னு வருது. உள்ள சுட்டு உள்ளயே தின்னுட்டிருப்பானுங்க போல."

அபராதம் நடந்துகொண்டிருந்தவள் நின்றாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாப்ளே."

"தின்னுட்டிருப்பானுங்கன்னு..."

"அதுக்கு முன்னாடி. ரொட்டி இல்ல, ஆனா அடுப்பு எரியுது. ரொட்டி சுடாத அடுப்ப எதுக்கு எரிக்கணும்?"

ரொட்டிக்காரன் ஒரு நாள் வியாபாரத்தை விட்டுவிட்டு விறகை வீணாக்க மாட்டான். பேக்கரிக் கண்ணாடியில் பூகம்ப நிதிக்கான அறிவிப்பு ஒட்டியிருந்தது. அவள் முன் கதவைத் தட்டவில்லை. சந்து வழியாகப் பின்பக்கம் போனாள். சந்தில் ஓடிய சாக்கடையில் வெண்மையாக நுரை மிதந்தது. ரொட்டி மாவு நுரைக்காது, சோப்புதான் நுரைக்கும். பின்கதவு லேசாகத் திறந்திருந்தது. உள்ளிருந்து வந்த அனல் முகத்தில் அடித்தது.

ரொட்டித் தட்டுகளை அடுக்கும் இரும்புச் சட்டங்கள் எல்லாம் அடுப்பைச் சுற்றி வளையமாக நின்றன. சட்டத்துக்குச் சட்டம் கயிறு கட்டியிருந்தது. கயிறு முழுக்கக் கம்பளிப் போர்வை. மாவு பிசையும் மேசையில் சாம்பல் சட்டைக்காரர்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, எலி கடித்த ஓட்டைகளுக்கு ஒட்டுப் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு அந்த அனலில் வியர்த்து வழிய உட்கார்ந்திருந்தார். மூலையில் இன்னும் பிரிக்காத மூன்று பெட்டிகள் இருந்தன. அவற்றின் அடி நைந்து, பூசணம் கறுப்பாக ஏறியிருந்தது.

பேக்கரியை நடத்தும் அம்மாளுக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை, மறைக்கவும் தெரியவில்லை. ஊசியைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்று குனிந்தாள். அபராதத்துக்கு எல்லாம் கோவையாக விளங்கிவிட்டது. வள்ளல் கொடுத்தது அத்தனையும் நாறிப்போன சரக்கு. வழக்கப்படி இவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். அப்படியே அனுப்பவும் முடியாது, கெட்டுப்போனது என்று சொன்னால் கொடுத்தவர் முகம் வாடும். சுவரில் எழுதியது சும்மா எழுதியதல்ல. யாருக்கும் தெரியாமல் எடுத்து வந்து துவைத்து, தைத்து, அவர் பெயரிலேயே அனுப்பிவிட முடிவு செய்துவிட்டார்கள். கொடுக்காததை எடுக்கவில்லை என்று சாவிக்காரர் சொன்னது சத்தியமான வார்த்தை. போர்வைகள் அவர்களுக்கு முந்தாநாளே கொடுக்கப்பட்டுவிட்டன. மழை மட்டும் பெய்யாதிருந்தால் நேற்றே காய்ந்து கிடங்குக்குப் போயிருக்கும்.

தன் இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு திருட்டை அவள் பார்த்ததில்லை. கோபம்தான் வந்தது. வந்த கோபத்தைத் தள்ளி வைத்துவிட்டு, வள்ளலை இங்கேயே வரச் சொல்லுங்கள், படக்காரரும் கட்டாயம் வர வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொன்னாள். சாவிக்காரரையும் பிக்குணியையும் அழைத்துவரச் சொன்னாள்.

வள்ளல் இரண்டே முக்காலுக்குப் புகார்க் கடிதத்தோடு வந்து சேர்ந்தார். புதுச் சட்டை மாற்றியிருந்தார். உள்ளே தொங்கிய போர்வைகளைக் கண்டதும் முகம் ஒரு கணம் வெளிறியது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. சலவை செய்து தைத்த போர்வை ஒன்றை இழுத்துத் தடவிப் பார்த்து, படக்காரரின் பக்கம் திரும்பிவிட்டார்.

"பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட சரக்கு. கைல எடுத்தா பஞ்சு. இதத்தான் திருடப் பாத்திருக்கான். எடுங்க படம்."

அவ்வளவு வெட்கங்கெட்டதனத்தை எதிர்பார்க்காத மாப்பிள்ளையே வாய் பிளந்தான். அபராதம் மட்டும் மிகவும் மரியாதையாக ஒரு பெட்டியை அவர் முன்னால் நகர்த்தினாள். மூலையில் இருந்த மூன்றில் ஒன்று.

"படம் இதோட எடுக்கலாம் சார். இங்க ஒரு வழக்கம் இருக்கு. அனுப்பற போர்வைய யாராவது ஒருத்தர் கொஞ்ச நேரம் போர்த்திப் பாக்கணும். இது உங்க கையால கொடுத்தது, நீங்க கட்டின நாடாகூட அவிழ்க்கல. நீங்களே போர்த்திக்கிட்டா பொருத்தமா இருக்கும்."

நாடாவை அவிழ்த்தாள். நாற்றம் குப்பென்று கிளம்பியது. படக்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டார். வள்ளல் இரண்டடி பின்னால் நகர்ந்து ரொட்டிச் சட்டத்தில் முட்டிக்கொண்டார். அபராதம் போர்வையைத் தோளுக்கு நேராக நீட்டிக்கொண்டே போனாள்.

"அத எவனாவது தொடுவானாம்மா? போன வெள்ளத்துல கிடங்குல மிதந்த சரக்கு" என்றார் வள்ளல்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. மாப்பிள்ளை அதைக் குறிப்பேட்டில் எழுதி, எழுத்துக்கூட்டி வாசித்தும் காட்டினான். மூக்கைப் பொத்திய கையை எடுத்துவிட்டுப் படக்காரர் டக்கென்று ஒரு படம் எடுத்தார். காலையிலிருந்து அவர் ஆசையாக எடுத்த முதல் படம் அதுவாகத்தான் இருக்கும்.

குப்பையைக் கொடுத்துப் பேர் வாங்கினார். குப்பை தொலைந்ததும் இனி எவனும் பிரித்துப் பார்க்க மாட்டான் என்று மகிழ்ந்து, அதிலும் ஒரு பேர் வாங்கப் பார்த்தார். அதற்கு ஒரு சாவிக்காரரின் பிழைப்பும் மலைநாட்டின் ஆயிரத்து நானூறு போர்வையும் போனால் போகட்டும். இதைத்தான் அபராதம் அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள், இதைவிடக் கொஞ்சம் காரமாக.

வள்ளல் முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்று கத்தினார். அது சற்று முன்பே உண்டியலுக்குப் போய்விட்டது என்றாள் அவள். "போய்க் கேளுங்க. குனிஞ்சு நன்றி சொல்வாங்க."

அப்போதுதான் சாவிக்காரர் முன்னால் வந்தார். காய்ந்து சூடாக இருந்த போர்வை ஒன்றைக் கயிற்றிலிருந்து எடுத்து, வள்ளலின் தோளில் போர்த்தி, மழையில் நனைந்துவிட்டீர்கள் என்றார். கேலி இல்லை, நிஜமாகவே சொன்னார். பிறகு குனிந்து நன்றி என்றார். வள்ளலுக்கு அதைக் கழற்றி எறியவும் முடியவில்லை, போர்த்தியிருக்கவும் முடியவில்லை. எலி கடித்த இடத்தில் பூவாக வெட்டிய ஒட்டுத்துணி சரியாக அவர் நெஞ்சில் இருந்தது. வாசல் வரை போர்த்திக்கொண்டே போய், அங்கே கழற்றி வைத்துவிட்டு ஓடினார்.

இப்போது அபராதம் தள்ளி வைத்த கோபத்தை எடுத்தாள். பிக்குணியின் முன்னால் போய் நின்றாள்.

"உங்க நல்லதனத்துல ஒரு லாரியே நிக்கப் பாத்துச்சு. இந்த மனுஷன் பிழைப்புல மண்ணு விழப் பாத்துச்சு. ஒரு களவாணி முகம் வாடக் கூடாதுன்னு இவ்வளவு பேர் வாய மூடிட்டிருந்தீங்களே, அங்க பனில கிடக்கிறவங்க முகத்த யார் பாக்கறது?"

ஏழெட்டுச் சாம்பல் சட்டையும் தையலை நிறுத்தின. பிக்குணி கண்ணாடியைக் கழற்றினார்.

"தப்புதான். கொடுத்தவர் மானத்தப் பாத்தோம். குளிர்றவங்கள மறந்துட்டோம்."

அபராதம் இதற்குத் தயாராக வரவில்லை. இருபத்தாறு வருடத்தில் தப்பை ஒரே மூச்சில் ஒப்புக்கொண்டவர் ஒருவரும் இல்லை. என்ன செய்வதென்று தெரியாமல் ஊசி ஒன்றை எடுத்து உட்கார்ந்து, கிடந்த ஒரு போர்வைக்கு ஒட்டுப் போட ஆரம்பித்தாள். மாப்பிள்ளையைத் துவைக்க அனுப்பினாள்.

நான்கு மணிக்கு லாரி கிளம்பியது. துவைத்துக் காயவைக்க நேரமில்லாத முப்பதைத் தவிர மற்றதெல்லாம் ஏறிவிட்டது.

தெருமுனையில் சாவிக்காரர் தன் பெட்டிக்கடையைத் திறந்து உட்கார்ந்தார். ஒருவரும் வரவில்லை. காலையில் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போன பெண்மணி எதிரே பேருந்துக்குக் காத்திருந்தாள். இந்தப் பக்கம் திரும்பாமலே பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் ஒரு மணி நேரத்தில் போய்விடும், ஒரு மணி நேரத்தில் வராது. அபராதத்துக்கு அதுவும் தெரியும். அவள் கடைக்குப் போய், கைப்பையைத் திறந்து, தன் வாசல் கதவுச் சாவியை எடுத்துப் பலகைமேல் வைத்தாள்.

"இது என் வீட்டுச் சாவி. இதுக்கு ஒரு நகல் போடுங்க" என்றாள், பேருந்து நிறுத்தம் வரை கேட்கிற குரலில்.

சாவிக்காரர் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டார். நகல் யாருக்கு என்று கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு."

விரலெல்லாம் வெளுத்துச் சுருங்கிப் பக்கத்தில் நின்றிருந்த மாப்பிள்ளை ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். அன்றைக்கு அவனுக்கு மூன்றாவது தோல்வி. அரம் கிறீச்சிடத் தொடங்கியது. பேருந்து வந்தது. அந்தப் பெண்மணி ஏறவில்லை. கைப்பையைத் திறந்து எதையோ தேடிக்கொண்டே தெருவைக் கடந்து வந்தாள்.

"பத்து மணிக்கு மேல வந்தா அபராதம் உண்டு மாப்ளே" என்றாள் அத்தை.